கணினி வழியே வந்த திருடன்: ஏமாந்த பிறகு என்ன செய்வது?



தெலுக் இந்தான் என்றதும் எல்லாருக்கும் அந்தச் சாய்ந்த கோபுரம்தான் நினைவுக்கு வரும். இந்த ஊர் தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1885ஆம் ஆண்டில், தண்ணீர் சேமித்து வைப்பதற்காக எழுப்பப்பட்ட கோபுரம் அது. வெளியே நின்று அண்ணாந்து பார்த்தால் எட்டு மாடி போலத் தெரியும். உள்ளே போனால் இருப்பது மூன்றே மாடி. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது பார்ப்பவர் கண்ணை ஏமாற்றிக்கொண்டு நிற்கிறது. எட்டு மாடி என்று எண்ணியவரை யாரும் முட்டாள் என்று ஏசுவதில்லை. அப்படித் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்றைய தலைப்பும் அப்படித் தெரியும்படி கட்டப்பட்ட ஒரு பொய்யைப் பற்றியதுதான். கணினியைச் சரிசெய்து தருகிறோம் என்று சொல்லி, தூரத்தில் இருந்தபடியே அதற்குள் நுழைந்து, வங்கிப் பணத்தை அள்ளிக்கொண்டு போகும் மோசடி. வராமல் தடுப்பது எப்படி என்று பலரும் பேசிவிட்டார்கள். வந்த பிறகு, பணம் போன பிறகு, மனிதன் எப்படி எழுந்து நிற்பது என்பதைத்தான் இங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு மதிய வேளை

ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெலுக் இந்தானில் ஒரு தாமான். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மனைவி கோயிலுக்குப் போயிருக்கிறார். மகள் கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். பேரனோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு மகள் வாங்கிக் கொடுத்த மடிக்கணினி மேசையில் இருக்கிறது. இது கற்பனை வீடுதான். ஆனால் அங்கே இனி நடக்கப்போகும் ஒவ்வொன்றும் உலகத்தின் பல மூலைகளில் உண்மையாகவே நடந்த முறை.

பெரியவர் செய்தி படித்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று திரை முழுவதும் சிவப்பு. கூடவே அபாயச் சங்கு போல ஒரு சத்தம். "உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது. அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று எழுத்து ஓடுகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சின்னமும் பக்கத்திலேயே இருக்கிறது. பதறிப்போய் அழைக்கிறார்.

எடுத்தவன் குரலில் தேன் சொட்டுகிறது. "கவலைப்படாதீர்கள் சார், சரிசெய்துவிடலாம்" என்கிறான். ஒரு மென்பொருளை இறக்கச் சொல்கிறான். டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவை அந்த வகை. அவை நல்ல மென்பொருள்கள்தான். அலுவலகங்களில் கணினி பழுது பார்ப்பவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் திரையில் தோன்றும் எண்ணை வாசித்துச் சொல்லி, அனுமதியும் கொடுத்துவிட்டால், வீட்டுச் சாவியைக் கொடுத்ததற்குச் சமம். அந்த நிமிடமே கணினி அவன் கையில்.

அடுத்து அவன் 'ஈவண்ட் வியூவர்' என்ற பக்கத்தைத் திறந்து காட்டுகிறான். வரிசையாக எச்சரிக்கைக் குறிகள், பிழைகள். "பார்த்தீர்களா சார், எத்தனை!" தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கிவிடலாம். கிராணியார் செக்ரோல் எழுதுவார். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று தினமும் பதிவாகும். நாலு பேர் வரவில்லை என்று போட்டிருந்தால் தோட்டமே மூழ்கிவிட்டது என்றா அர்த்தம்? கணினியும் தன் அன்றாடச் சின்னச் சின்னக் கோளாறுகளை அப்படித்தான் எழுதி வைக்கிறது. நேற்று வாங்கிய கணினியிலும் அந்தக் குறிகள் இருக்கும். வாழ்நாள் எல்லாம் செக்ரோல் எழுதியவருக்கு, கணினியின் செக்ரோலைக் காட்டிப் பயம் உண்டாக்குகிறான்.

பிறகு சேவைக் கட்டணம் என்கிறான். கட்டியதும், "தவறுதலாக அதிகம் வாங்கிவிட்டோம், திருப்பித் தருகிறோம். உங்கள் வங்கிக் கணக்கைத் திறங்கள்" என்கிறான். திறந்ததும் திரை கறுத்துப் போகிறது. மீண்டும் தெரியும்போது கணக்கில் கூடுதலாகப் பல ஆயிரம் வெள்ளி வந்திருப்பது போல இருக்கிறது. "ஐயோ சார், ஒரு பூஜ்யம் கூடிவிட்டது. என் வேலை போய்விடும். மீதியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்று கெஞ்சுகிறான். உண்மையில் யாரும் எதையும் போடவில்லை. சேமிப்புக் கணக்கிலிருந்த பெரியவரின் சொந்தப் பணத்தையே அவருடைய நடப்புக் கணக்குக்கு மாற்றியிருப்பான். அல்லது திரையில் தெரியும் எண்ணை மட்டும் திருத்தியிருப்பான். அவருடைய சட்டைப் பையில் இருந்ததை எடுத்து அவருடைய கால்சட்டைப் பையில் போட்டுவிட்டு, கடன் கொடுத்தவன் போலக் கேட்கிறான். பிறர் பணம் நமக்கு வேண்டாம் என்று வளர்ந்த மனிதர் உடனே அனுப்பிவிடுகிறார்.

இதைக் கவனியுங்கள். அவரை வீழ்த்தியது பேராசை இல்லை. நேர்மை. ஒருவன் வேலை போய்விடக்கூடாதே என்ற இரக்கம்.

ஏமாந்தவர்கள் யார் யார்?

இதைக் கேட்பவர்கள் "படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள்" என்று சொல்வதுண்டு. அது சரியில்லை.

ஜிம் பிரௌனிங் என்ற பெயரில் இயங்கும் பிரிட்டன்காரர் ஒருவர் இருக்கிறார். இத்தகைய மோசடிக் கும்பல்களின் கணினிகளுக்குள்ளேயே நுழைந்து அவர்களை அம்பலப்படுத்துவதுதான் அவர் வேலை. டெல்லியை அடுத்த குர்கானில் இயங்கிய ஒரு மோசடி கால் சென்டரின் கண்காணிப்புக் கேமராக்களையே அவர் எட்டிப்பிடித்தார். அந்தக் காட்சிகளை 2020 மார்ச்சில் பிபிசி ஒளிபரப்பியது. அப்படிப்பட்டவரையே 2021 ஜூலையில், யூடியூப் நிறுவனத்தின் உதவிப் பிரிவு என்று சொல்லிக்கொண்ட ஒருவன் நம்பவைத்து, தம்முடைய அலைவரிசையைத் தம் கையாலேயே அழிக்கச் செய்துவிட்டான். சில நாட்களில் அது மீட்கப்பட்டது. அவர் செய்த நல்ல காரியம் என்னவென்றால், தாம் ஏமாந்ததை மறைக்காமல் உலகத்துக்கே சொன்னார். பாம்பு பிடிப்பவரையே பாம்பு கடிக்கும் என்றால், மற்றவர்கள் கடிபட்டதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இது தனி ஆள் செய்யும் சில்லறைத் திருட்டும் இல்லை. மேசை, நாற்காலி, சம்பளம், மேலாளர் என்று நிறுவனம் போலவே நடத்துகிறார்கள். என்ன பேச வேண்டும் என்று வசனமும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். 2018இல் மைக்ரோசாப்ட் கொடுத்த புகாரின் பேரில் டெல்லி, குர்கான், நொய்டா பகுதிகளில் போலீசார் பல கால் சென்டர்களைச் சோதனையிட்டுப் பலரைக் கைது செய்தனர். 2023 அக்டோபரில் இந்தியாவின் மத்தியப் புலனாய்வுத் துறை 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. அமெரிக்காவில் மட்டும் 2023ஆம் ஆண்டில் தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் பறிபோன பணம் 92 கோடி டாலருக்கும் மேல் என்று எஃப்.பி.ஐ. கணக்குக் காட்டியது. அந்த ஆண்டு 60 வயதைக் கடந்தவர்கள் அங்கே மிக அதிகமாகப் புகார் செய்ததும் இந்த மோசடி பற்றித்தான்.

நம் நாட்டில் இதற்கு வேறு வேடமும் உண்டு. 2022 வாக்கில், வீடு சுத்தம் செய்து தருகிறோம் என்று பேஸ்புக்கில் மலிவு விலை விளம்பரம் வந்தது. முன்பதிவு செய்ய ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். அது கடைக்காரரின் செயலி போல இருக்கும். உள்ளே புகுந்ததும் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியைத் திருடி, டேக் எண்ணை எடுத்துக்கொள்ளும். அங்கே கணினி, இங்கே கைத்தொலைபேசி. கதவு வேறு, திருடன் ஒருவன்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா குறுஞ்செய்தி வழி வரும் எண்ணைக் கைவிடும்படியும், மோசடிப் புகாருக்கென்று தனித் தொலைபேசி எண் வைக்கும்படியும் வங்கிகளுக்கு உத்தரவிட்டது.

"சாப்பிட்டாச்சு மா"

இனி அந்தப் பெரியவரின் வீட்டுக்குத் திரும்புவோம். மணி மூன்று. தொலைபேசி துண்டிக்கப்பட்டுவிட்டது. திரும்ப அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. கணக்கைப் பார்க்கிறார். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்து வைத்த பணத்தில் பெரும்பகுதி இல்லை. கை நடுங்குகிறது.

மாலை ஆறு மணிக்கு மகள் அழைக்கிறாள். "சாப்பிட்டீங்களா பா?"

"சாப்பிட்டாச்சு மா."

"குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணும் இல்ல மா, வெயில்."

இந்தப் பதிலில்தான் நேயர்களே, மீதியும் போகிறது. திருடியவன் எடுத்துக்கொண்டது ஒரு பங்கு. வெட்கம் எடுத்துக்கொள்வது இன்னொரு பங்கு. ஏனென்றால் இந்த மோசடியில் மணித்துளிகளுக்கு விலை உண்டு. இப்போது பணம் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு நொடியில் போய்ச் சேர்கிறது. போன பணம் முதலில் நிற்கும் இடம் 'மியூல்' கணக்கு, மலாய் மொழியில் கெல்டாய் கணக்கு, அதாவது யாரோ ஒருவரிடம் வாங்கிய இரவல் கணக்கு. அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று தாவிக்கொண்டே போகும். முதல் கணக்கில் நிற்கும்போது சொன்னால் பிடிக்க வழி உண்டு. மறுநாள் சொன்னால் தேட வேண்டியிருக்கும். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் பெரும்பாலும் காகிதம்தான் மிஞ்சும்.

செய்ய வேண்டியவை வரிசையாக

முதலாவது, தொடர்பை வெட்டுங்கள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்டுங்கள். மரியாதை பார்க்க வேண்டாம். வீட்டு இணையப் பெட்டியின் மின் இணைப்பைப் பிடுங்கினாலும் சரி, கணினியின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் சரி. "அணைக்காதீர்கள்" என்று அவன் சொல்வதற்குக் காரணமே, அணைத்தால் அவன் வெளியே நிற்க வேண்டும் என்பதுதான். கைத்தொலைபேசி என்றால் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, வேறொரு தொலைபேசியிலிருந்து உடனே அழையுங்கள். உங்கள் வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைக்கலாம். அல்லது 997 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடிப் புகார் மையத்தின் எண் அது. போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் அதில் கைகோத்து வேலை செய்கின்றன. பல வங்கிகளின் செயலியில் கணக்கை நீங்களே முடக்கிவைக்கும் 'கில் சுவிட்ச்' வசதியும் உண்டு. அதைப் பழுதில்லாத வேறு கருவியிலிருந்துதான் செய்ய வேண்டும்.

மூன்றாவது, காவல் நிலையத்தில் புகார். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். பணம் அனுப்பிய கணக்கு எண், நேரம், தொகை, அழைத்த எண், திரைப்படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வெட்கத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். அழிக்கும் ஒவ்வொன்றும் சாட்சி.

நான்காவது, கணினி. அந்த மென்பொருளை மட்டும் நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நாம் இல்லாதபோதும் நுழையும்படி அவன் பின்கதவு வைத்துவிட்டுப் போயிருக்கலாம். இணையத்தோடு இணைக்காமல் படங்களையும் கடிதங்களையும் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, கணினியை முழுவதும் துடைத்து, விண்டோஸ் மென்பொருளைப் புதிதாகப் போடுவதே பத்திரம். தெரிந்த கடைக்காரரிடம் நேரில் கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

ஐந்தாவது, கடவுச்சொற்கள். இங்கேதான் பலர் வரிசையைத் தவறவிடுகிறார்கள். முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சலின் கடவுச்சொல். ஏனென்றால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் அங்கேதான் வருகிறது. மின்னஞ்சல் அவன் கையில் இருந்தால் மற்ற எத்தனை பூட்டு மாற்றியும் பயனில்லை. அதற்குப் பிறகு வங்கி. அதற்குப் பிறகு மற்றவை. உங்கள் அஞ்சல்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி அமைத்திருக்கிறானா, வாட்ஸ்அப் கணக்கோடு தெரியாத கருவி ஏதும் இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். எங்கெல்லாம் இரட்டைச் சரிபார்ப்பு வசதி உண்டோ, அங்கெல்லாம் அதைப் போடுங்கள். இவை எல்லாவற்றையும் துடைக்கப்படாத அந்தக் கணினியில் உட்கார்ந்து செய்தால், திருடன் எதிரிலேயே புதுச் சாவி வெட்டுவது போல ஆகிவிடும்.

ஆறாவது, வங்கியிடம் எழுத்தில் முறையிடுங்கள். வங்கியின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், ஆறு மாதத்துக்குள் எஃப்.எம்.ஓ.எஸ். எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை நாடலாம். 2025 ஜனவரி முதல் இயங்கிவரும் அமைப்பு அது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. பணம் நிச்சயம் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தன் கையாலேயே அனுப்பிய பணம் என்றால் இன்னும் கடினம். ஆனால் கேட்காமல் விட்டவருக்குக் கிடைக்காது என்பது மட்டும் உறுதி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பணம் போன சில வாரத்தில் இன்னொரு குரல் வரும். "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று சொல்லும். வழக்கறிஞர் என்பான், அதிகாரி என்பான். ஏமாந்தவர்களின் பெயர்ப்பட்டியல் கும்பலுக்குக் கும்பல் கைமாறும். முன்பணம் கேட்டு மீட்புப் பேசுபவன் இரண்டாவது திருடன். ஒரே வீட்டில் இரண்டு முறை களவு போக வேண்டாம்.

நம் பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள்

இன்னொரு பக்கத்தையும் பேசாமல் விட்டால் இந்த உரை பாதி உண்மையாகத்தான் இருக்கும். அந்த இரவல் கணக்குகள் யாருடையவை? சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிடும் இளைஞர்களுடையவை. "கார்டு மட்டும்தானே கேட்டான் அண்ணன்" என்று நம்பிக் கொடுப்பவர்களும் உண்டு. வேலை தருகிறோம், கடன் தருகிறோம் என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, கணக்கை அடுத்தவர் கையில் கொடுப்பதே குற்றமாக்கப்பட்டுள்ளது. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பது இனி எளிதில் செல்லாது.

பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழி தோட்டங்களையே வாங்கிக் காட்டியவர்கள் அன்றைய பால்மரத் தொழிலாளர்கள். அந்தப் பரம்பரையின் சேமிப்பு, அதே பரம்பரையின் பேரப்பிள்ளை ஒருவனின் கணக்கு வழியாகவே வெளியே போகிறது என்றால், அதைவிட வேதனை வேறு இல்லை. வீட்டில் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். பணம் அனுப்பச் சொல்லி வரும் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் சோதித்துப் பார்க்கவும் அவர்களையே உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

திட்டாத வீடு

ஒரு விஷயத்தை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். உண்மையான மைக்ரோசாப்ட் எச்சரிக்கையில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. திரையில் எண் வந்தால் அது பொய். இந்த ஒரு வரியை எழுதிக் கணினியின் ஓரத்தில் ஒட்டிவையுங்கள். பக்கத்தில் 997 என்றும் எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா ஏன் சொல்லவில்லை? மகள் தன்னைத் திட்டுவாள் என்று பயந்தார். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டு, கணினியையே பிடுங்கிக்கொள்வாள் என்று பயந்தார். இனிமேல் வங்கிக் கணக்குப் பொறுப்பு தன் கையில் இருக்காது என்று பயந்தார். பணம் போனதைவிட அந்த மரியாதை போவதுதான் முதியவர்களுக்குப் பெரிய இழப்பு. அதைக் காப்பாற்றிக்கொள்ளவே அவர் "வெயில்" என்று பொய் சொன்னார்.

ஆகவே இன்று இரவே வீட்டுக்கு அழைத்துச் சொல்லுங்கள். "பா, யாராவது ஏமாத்திட்டா உடனே எனக்கு போன் பண்ணுங்க. திட்ட மாட்டேன்." ஏமாறுவதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டிய வார்த்தை அது. அப்படிச் சொல்லப்பட்ட வீட்டில், மூன்று மணிக்கு நடுங்கிய கை மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு மகளை அழைக்கும். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வங்கிக்குத் தகவல் போயிருக்கும்.

சாய்ந்த கோபுரம் இந்த ஊரின் மென்மையான மண்ணில், தன் தண்ணீர்த் தொட்டியின் பாரம் தாங்காமல் சாய்ந்தது. சாய்ந்தது என்பதற்காக யாரும் அதை இடித்துவிடவில்லை. பெயர் வைத்து, விளக்குப் போட்டு, வெளியூர்க்காரர்களைக் கூட்டி வந்து காட்டுகிறார்கள். வீட்டில் ஒரு பெரியவர் சாய்ந்துவிட்டால், அதே அன்போடு பக்கத்தில் நில்லுங்கள்.